திறந்தே கிடந்த கேட்

நாய்க்குட்டி எடுத்து வரலாம் என்று முடிவானதும் என் கணவர் செய்த முதல் காரியம், வாசல் கேட்டின் முன் குந்தி உட்கார்ந்து கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்ததுதான். முழங்கை வரை தாராளமாகப் போனது. "குட்டி பூந்து ரோட்டுக்குப் போயிடும். கோழி வலை வாங்கியாந்து கட்டிடறேன். இனிமே கேட்ட எந்நேரமும் சாத்தியே வெக்கணும், தெரியுதா?" என்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "சரிங்க" என்றேன். வாய்க்கென்ன, சொல்லிவிடும். அன்று அரிசியை நான்கு முறை களைந்தேன்.

அந்தக் கேட் ஒரு வருஷம் இரண்டு மாதமாக, தினமும் விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து நாங்கள் படுக்கப் போகிறவரை விரியத் திறந்தே கிடந்தது. திறந்து வைத்தவள் நான். இதனால் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், எங்கள் தெருவில் என் பெயர் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. மாடு உள்ளே வந்து செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டுப் போகும். பௌர்ணமி நாட்களில் ஊருக்கு வெளியே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிற வெளியூர்க்காரர்கள், திறந்த கேட்டைப் பார்த்துவிட்டு அன்னதானம் போடுகிற இடமோ என்று எட்டிப் பார்ப்பார்கள். ஒரு முறை ஒரு குடும்பமே வந்து வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தவர்களை எழுப்ப மனசு வராமல் ரசம் சாதம் போட்டு அனுப்பினேன். எதிர்வீட்டு அம்மா, "இப்படித் தெறந்து போட்டு வெச்சிருக்கீங்களே, திருடன் வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். "அவனுக்கும் ரசம் சாதந்தான்" என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டார்.

நான் காத்திருந்தது எங்கள் நாய்க்காக.

அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். கூப்பிட்டு வராமல் போவதை நான் போதுமான அளவு அனுபவித்துவிட்டேன். பழுப்பு நிறம். முன்னங்கால்களில் இடது கால் மட்டும் வெள்ளை, ஒற்றைக் காலுக்கு சாக்ஸ் போட்டு அனுப்பியது போல. அவனை நாங்கள் தேடிப் போய் எடுத்து வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு பௌர்ணமியில் நாங்கள் இருவரும் மலை சுற்றப் போயிருந்தோம். அடி அண்ணாமலையில் ஒரு கடையில் டீ குடித்துவிட்டு எழுந்தபோது, பெஞ்சுக்கு அடியிலிருந்து அவனும் எழுந்தான். மலை சுற்றும் பாதையில் நாய்கள் ஆட்களோடு கூடவே நடப்பது ஒன்றும் புதிதல்ல. பாதி வழியில் வேறு நல்ல ஆளாகப் பார்த்து மாறிக்கொள்ளும். இவன் மாறவில்லை. கோபுரத்தைப் பார்த்து நாங்கள் கும்பிட்டு நின்றபோது உட்கார்ந்து காத்திருந்தான். ஷேர் ஆட்டோவில் ஏறினோம், அவனும் ஏறினான். "மலை சுத்துன பலன கையோட குடுத்து அனுப்புறாரு சாமி" என்று என் கணவர் சிரித்தார்.

கேட்டைத் தாழ் போடாமல் வெறுமனே சாத்தி வைத்திருந்தால் போதும், வெளியிலிருந்து வரும்போது மூக்கால் நெம்பித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். ஊர் சுற்றுகிற ஆசையே கிடையாது. காலையில் வெளியே விட்டால் போவான், வேலையை முடிப்பான், வந்துவிடுவான். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான், நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வருகிறவர்களை அதிகம் பார்த்ததில்லை. அதனால் அவன்மேல் எனக்குத் தனி மரியாதை.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊரில், மலை உச்சியில் தீபம் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டில் விளக்கு ஏற்றுவோம். அதற்கு முன்பே அகல்களில் எண்ணெயும் திரியும் போட்டுப் படிகளிலும் கேட்டின் இரண்டு பக்கமும் தயாராக வைத்துவிட்டு, எல்லாரும் மாடிக்கு ஓடுவோம். கேட் திறந்தே இருக்கும். விளக்கு வைக்கிற வேளையில் வாசலைச் சாத்தினால் வருகிற லட்சுமி திரும்பிப் போய்விடுவாள் என்று எனக்கு பயம். ஆறு மணிக்கு உச்சியில் தீ தெரிந்ததும் ஊர் முழுக்க "அரோகரா" என்று ஒரே குரலாகக் கேட்கும், அதோடு தெருவுக்குத் தெரு சரவெடி. மற்ற வருஷங்களில் அந்த நேரத்துக்கு எங்கள் மகள் அவனை உள் அறைக்குக் கொண்டுபோய், டிவியைச் சத்தமாக வைத்து, கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வருஷம் அவள் வேலை கிடைத்து ஓசூருக்குப் போயிருந்தாள். அவன் வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்தான். வயசாகிவிட்டது, எழுந்திருக்க மாட்டான் என்று நானே முடிவு செய்துகொண்டு மாடிக்குப் போனேன். மலையைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணில் தண்ணீர் வர நின்ற அந்த ஐந்து நிமிஷமும், கீழே ஒருவன் இருக்கிறான் என்பது எனக்கு நினைவில் இல்லை.

இறங்கி வந்தபோது கேட்டோரத்து அகல் ஒன்று கவிழ்ந்திருந்தது. சிமெண்டில் பரவிய எண்ணெயில் ஒரே ஒரு கால் தடம், தெருவைப் பார்த்து. அன்று காலை வீட்டில் எல்லாரையும் போல அவனுக்கும் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியிருந்தேன். நல்ல நாளும் அதுவுமாக நாற்றமடிக்கிற பெல்ட் எதற்கு என்று அதைக் கழற்றித் துவைத்துப் போட்டிருந்தேன். என் கணவரின் போன் நம்பர் பொறித்த பித்தளை வில்லையோடு அது இன்னும் ஈரமாகக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெல்ட்டைக் கழற்றியது நான். கேட்டைத் திறந்தது நான். யார் எத்தனை சமாதானம் சொன்னாலும் இந்த இரண்டு வாக்கியங்களை என்னால் மாற்றி எழுத முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கடையைத் திறந்து 'காணவில்லை' என்று நோட்டீஸ் எடுத்தேன். ஊராருக்கெல்லாம் பட்டாவும் ஆதாரும் பளிச்சென்று எடுத்துக் கொடுப்பவள், பதற்றத்தில் என் சொந்த நாயின் படத்தை இங்க்கை ஏற்றி வைத்து இருநூறு பிரதி எடுத்துவிட்டேன். பழுப்பு நாய் கரிச்சட்டி மாதிரி விழுந்திருந்தது. வெள்ளைக்காலும் தெரியவில்லை. கீழே 'பழுப்பு நிறம்' என்று எழுதித்தான் இருந்தது, ஆனால் நோட்டீஸில் எழுத்தை யார் படிக்கிறார்கள்? திருவண்ணாமலையில் இருக்கிற கறுப்பு நாய்கள் எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் போன் வந்தது. தப்பு தெரிந்ததும் கலரில் எடுத்து ஒட்டினோம். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கலர் நோட்டீஸ் எல்லாம் கரைந்து வழிந்தது, கறுப்பு நோட்டீஸ் மட்டும் கரையவே இல்லை.

என் கணவர் அரசு பஸ் டிரைவர், பெங்களூர் ரூட். டூட்டி முடிந்து வந்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போன் வந்த இடங்களுக்கெல்லாம் போவார். நானும் பின்னால் உட்கார்ந்து போவேன். செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா, தான் சோறு போடும் கறுப்பு நாயைக் கூட்டி வந்து நிறுத்தி, "உங்க பையன்?" என்று தமிழில் ஆசையாகக் கேட்டார். இல்லை என்றதும் எங்களைவிட அவருக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. இப்படி நான்கு மாதம். பிறகு ஒரு நாள் என் கணவர், "போனது போனதுதான். இனிமே அவனப் பத்திப் பேசாத" என்றார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வரவில்லை. அந்தப் பெயர் இல்லாமலே அவருக்கு இட்லி இறங்கியது, தூக்கம் வந்தது. கல் நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். கேட்டைச் சாத்தி வைத்தால் போதாதா, அவன்தான் தள்ளிக்கொண்டு வருவானே என்று ஒரே ஒரு தடவை சொன்னார். தள்ளுவதற்குத் தெம்பில்லாமல் வந்து நின்றால் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அடுத்த தீபத்தன்று அவருக்கு டூட்டி. நான் மாடிக்குப் போகவில்லை. ஏற்றாத அகல்களுக்கு நடுவில் கேட்டோரம் உட்கார்ந்து, ஊர் கூவியதை வைத்துத் தீபம் ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

தை மாதத்தில் என் கடைக்குப் பட்டா நகல் எடுக்க ஒரு அம்மா வந்தார். போளூர் பக்கத்து கிராமம், நயினார் வீடு. தலைமுறை தலைமுறையாக அங்கே நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிற சமணக் குடும்பம். நகல் ஓடிக்கொண்டிருந்தபோது சுவரில் இருந்த நோட்டீஸைப் பார்த்தவர், "கெடைச்சுதாங்க?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். எவ்வளவு நாளாச்சு என்று அவர் கேட்கவில்லை. காகிதத்தின் மஞ்சளைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார். "எங்க நெலத்துல நாய் நாலு குட்டி போட்டிருக்குது. வந்து பாருங்க. புடிக்கலன்னா சும்மா பார்த்துட்டுப் போங்க" என்றார்.

அன்று சாப்பிடும்போது இதை என் கணவரிடம் சொன்னேன். வேண்டாம் என்பார், சண்டை போடலாம் என்று நம்பித்தான் சொன்னேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டு, "ஞாயித்துக்கிழம எனக்கு லீவுதான்" என்றார். மறுநாள் காலையில்தான் அவர் அப்படிக் கேட்டின் முன் குந்தியது.

அந்த வாரம் முழுக்க ஏற்பாடு. கோழி வலையை வெட்டிக் கம்பிகளில் கட்டுக்கம்பியால் முடிந்தார். செருப்புகள் எல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. தரையில் ஓடிய ஒயர்களைச் சுவரில் ஏற்றி அடித்தார். நான் பழைய காட்டன் புடவையைக் கிழித்து மெத்தையாகத் தைத்தேன். அதைப் போனில் பார்த்த மகள், "அம்மா, அதுக்குன்னு பெட் விக்கறாங்கம்மா" என்று ஆன்லைனில் ஒன்று அனுப்பினாள். நாங்கள் கல்யாணத்தில் வாங்கிய மெத்தையைவிட மெத்தென்று இருந்தது. என் கணவர் கால்நடை ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை ஊசி போடுவார்கள் என்று விசாரித்து வந்தார். இதற்கெல்லாம் ஏற்பாடு என்று பெயர். எனக்கோ ஒவ்வொன்றும் அவனை இந்த வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து வைப்பதாக இருந்தது. கடைசியில் ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து, "கொஞ்சம் வளந்தா இதுவே ஆவும். ஓட்டை போட்டு வெச்சிடட்டுமா?" என்று கேட்டார். பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். "அது அவனோடதுங்க" என்றேன். குரல் தெரு வரை கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பினோம். தாய்க்கு ஒரு வேளை சோறு போடாமல் குட்டியைத் தூக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் விடியற்காலையில் எழுந்து, கோழிக்காலும் ஈரலும் போட்டுக் குழையக் குழையச் சோறு வடித்துத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகுதான் என் கணவர் மூக்கைச் சுளித்து, "அடிப்பாவி, நயினார் வூட்டுக்கு கறிச்சோறா இட்டாந்த?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. போசியை வண்டியிலேயே மாட்டிவிட்டு, ஒன்றுமே கொண்டுவராதவள் போல இறங்கினேன். ஆனால் தாய் நாய் எங்கிருந்தோ ஓடி வந்து வண்டிக்கடியில் உட்கார்ந்து, போசியையே அண்ணாந்து பார்த்தது. அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எங்க வூட்டுல அதுக்குத் தயிர்சாதந்தாங்க. வெளிய போயி என்னா துன்னுதுன்னு நான் கேட்டுக்கறதில்ல. அந்தப் புளியமரத்தாண்ட கொண்டுபோயி வெய்யுங்க, நான் உள்ள போறேன்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

குட்டிகள் வைக்கோல்போரின் ஓரத்தில் இருந்தன. என் கணவர் பழக்கப்படி ஒன்றின் காதைப் பிடித்துத் தூக்கப் போனார். காதைப் பிடித்துத் தூக்கினால் கத்தாத குட்டிதான் காவலுக்கு நல்லது என்பது அவர் அப்பா காலத்துச் சோதனை. "ஐயோ, அதுக்கு நோவும், வுடுங்க" என்று அந்த அம்மா ஓடி வந்தார். "கத்துதா இல்லையான்னு பார்க்கறதுக்குங்க." "உங்க காதப் புடிச்சு நான் தூக்கறேன். நீங்க கத்தறீங்களா பார்க்கலாம்." என் கணவர் கையை எடுத்துவிட்டார். முப்பது வருஷத்தில் நான் சொல்லி அவர் எதையும் அவ்வளவு சீக்கிரம் விட்டதில்லை.

நான் அதற்குள் பார்த்துவிட்டேன். நான்கில் ஒன்று பழுப்பு. முன்னங்கால் ஒன்று வெள்ளை. அள்ளி மார்போடு வைத்துக்கொண்டேன். அதன் தலையை மோந்தால் பால் வாடையும் வைக்கோல் வாடையும்தான். நான் தேடிய வாடை அதில் இல்லை. இருந்தாலும் இறக்க மனம் வரவில்லை. "இவன்தாங்க" என்றேன்.

"அது வேணாம்" என்றார் என் கணவர்.

"ஏன்? இதுக்கு என்ன கொற?"

"இவன டெய்லி பார்ப்ப. பார்த்துப் பார்த்து, இவன் அவன் இல்ல, அவன் இல்லன்னு நெனச்சுக்கினே இருப்ப. இந்தக் குட்டி உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

கோபமாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சொன்னது நியாயம். ஆனால் அவர் இதை எப்போது யோசித்து வைத்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. குட்டியை மெதுவாக அதன் கூட்டத்தில் இறக்கினேன்.

அப்போது அவர் ஒற்றைக்காலை அசைக்காமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கீழே பார்த்தால், கன்னங்கரேலென்று ஒரு குட்டி அவர் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டிருந்தது. "அதுங்களா? அது பொட்டக் குட்டி. ஆம்பளக் குட்டின்னாதான் ஆளுங்க கேட்டு வராங்க. இத யாரும் கேக்கல" என்றார் அந்த அம்மா. என் கணவர் குனிந்து அதைப் பார்த்து, என்னைப் பார்த்து, "நோட்டீஸுல இருக்கற மாதிரியே இருக்குது, இல்ல?" என்றார்.

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன், அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அந்த நான்கு மாதமும் நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்த நாய்கள் எல்லாம் கறுப்பு. ஒவ்வொன்றையும் இல்லை, இது இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். "இதத்தாங்க நாங்க கேக்கறோம்" என்றேன்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒன்றே ஒன்று சொன்னார். "பொழுது சாயறதுக்குள்ள சோறு வெச்சிடுங்க. எங்க வூட்டுல மனுசங்களும் அப்படித்தான், நாயும் அப்படித்தான். இருட்டுனப்புறம் வெச்சா பழக்கமில்ல, துன்னாது." துண்டில் சுற்றிய குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். தாய் நாய் கறிச்சோற்றை நக்கிய வாயோடு, வரப்பு முடிகிற இடம் வரை எங்கள் பின்னால் ஓடி வந்து நின்றது. இன்று அதன் வீட்டிலும் ஒன்று காணாமல் போகிறது, அதற்கு நோட்டீஸ் அடிக்கத் தெரியாது. திரும்பிப் பார்க்க எனக்கு தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குட்டி மகள் அனுப்பிய மெத்தையை மோந்து பார்த்துவிட்டு, என் பழைய புடவையில் போய்ப் படுத்துக்கொண்டது. சொன்னபடி வெளிச்சம் இருக்கும்போதே பால்சோறு வைத்தேன். மூக்கு வரை தட்டில் விட்டுத் தின்றது. பிறகு விளக்கேற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் கால்கள் என்னைக் கேட்டுக்குக் கொண்டுபோயின. கேட்டைத் திறந்தும்விட்டேன். அப்புறம்தான் குட்டி நினைவு வந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. துளசி மாடத்தின் பின்னால் ஏதோ அசைந்தது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. இங்கே வா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அவன் பெயர்.

சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதற்கென்ன தெரியும். வீட்டுக்குள் நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. என் கணவர் செருப்பில்லாமல், அவிழ்ந்த லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். என்னைத் தாண்டி, குட்டியைத் தாண்டி, தெருவுக்கே போய்விட்டார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "வந்துட்டானா? எங்க? எங்க இருக்கான்?"

"இல்லங்க" என்றேன். "குட்டியக் கூப்பிட்டேன். வாய் தவறிடுச்சு."

அவர் திரும்பவில்லை. தெருவைப் பார்த்தபடியே நின்றார். "செங்கத்துக்கு இந்தப் பக்கம் எங்கியாச்சும் பழுப்பா ஒண்ணு ஓடுனா, கால் தானா பிரேக்குக்குப் போயிடுது. பாசஞ்சருங்க திட்டறாங்க" என்றார். இனிமே பேசாத என்று சொன்ன பிறகு, அவனைப் பற்றித் தன் மனசில் இருப்பதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கல் நெஞ்சுக்காரர் என்று நான் திட்டிய திட்டெல்லாம் திரும்பி வந்து என்மேல் விழுந்தது.

லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "கேட்டச் சாத்தட்டுமா?" என்று கேட்டார்.

குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "சாத்துங்க" என்றேன். "தாழ் மட்டும் போடாதீங்க."

அவர் தெருவில் நின்றபடியே கேட்டை இழுத்துச் சாத்தினார். பிறகு குனிந்து, ஒரு நாயின் மூக்கு எட்டுகிற உயரத்தில், வலை மேல் ஒரு விரலை வைத்துத் தள்ளிப் பார்த்தார். திறந்தது. உள்ளே வந்து மறுபடியும் சாத்தினார்.